ஜப்பான் ஓட்டலுக்குப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, உங்க பாட்டி அல்லாத்தையும் சொல்லிட்டா. வர்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ்காரங்க அத்தினி பேரும் சேர்ந்து பெங்களூர்ல ஜப்பான் ஓட்டலுக்குப் போறீங்களாமே. அதுக்காக நீ ரெண்டு ஊதுவத்திக் குச்சியை விரல்ல சொருகிக்கினு, ராத்திரியில வேர்க்கடலை பொறுக்கிப் பழகுறியாம். அவ பயந்துட்டா, புள்ளைக்கு எவனோ செய்வினை வெச்சிட்டான்னு. நான்தான் தைரியம் சொன்னேன்: ஒண்ணுமில்லடி, மேனேஜர் கூட சாப்பிடப் போறான், அந்தக் காய்ச்சல்தான், திங்கக்கிழமை தானா எறங்கிடும்.

மொபைல்ல வீடியோ பார்த்தே. கூட வேலை செய்றவனைக் கேட்டே. வாசல்ல ஒரு கிழவன் குந்திகினு கீறானே, அவனை ஒரு வார்த்தை கேட்டியா? மாரிகுப்பத்துக் கிழவனுக்குக் களி தெரியும், கருவாடு தெரியும், ஜப்பான் இன்னா தெரியும்னு உட்டுட்டே. கேக்காததைச் சொல்றதுக்குத்தாண்டா வீட்டுக்கு ஒரு கிழவனை வெச்சிருக்கறது. குந்து.

ஜப்பான்காரன் நம்ம ஊருக்குள்ள வந்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்ளன்னா மெய்யாலுமே உள்ள. நம்ம கே.ஜி.எஃப் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துல, சுமார் 7,500 அடிக்குக் கீழ. ஒசாகா சிட்டி யுனிவர்சிட்டி புரொபசர் மியாகே, பம்பாய் டாடா இன்ஸ்டிடியூட்ல இருந்து எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம்னு ஒரு கூட்டம், இங்கிலாந்து டர்ஹாம்ல இருந்து கொஞ்சம் பேரு. அவங்க தேடிக்கினு வந்தது தங்கம் இல்லே. நியூட்ரினோன்னு ஒரு துகள். வானத்துல இருந்து கொட்டுற மத்த துகளையெல்லாம் பாறை வடிகட்டி நிறுத்திடுமாம், இது ஒண்டி எதுலயும் முட்டிக்காம பூமியையே தொளைச்சிக்கினு போவுமாம். அதனால எவ்ளோ ஆழம் போறாங்களோ அவ்ளோ சுத்தமா கணக்கு கெடைக்கும். அந்த ஆழத்துல ஆளு எறங்கி, கரண்டு இழுத்து, மெஷின் நிறுத்தி வேலை பார்க்க முடிஞ்ச எடம் ஒலகத்துல விரல் விட்டு எண்ணிடலாம். 1965-ல புடிச்சிட்டாங்க. அதே நேரத்துல தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துல அமெரிக்காக்காரன் இதே வேலையா இருந்தான். நம்ம ஊரு சேதி அவனுக்குக் கொஞ்சம் முந்தி அச்சுல வந்துடுச்சி.

நம்மாளுங்களுக்கு அது இன்னான்னு அப்போ புரியலே. கேஜ்ல ஒரு பக்கம் நம்ம ஆளு டிரில்லு வேலைக்கு எறங்குவான், இன்னொரு பக்கம் கோட்டு போட்ட பெரிய மனுஷன் டப்பா டப்பாவா எதையோ எறக்குவான். கீழ எறங்கிட்டா ரெண்டு பேருக்கும் ஒரே வேர்வைதான். அடியில பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல போற ஊருடா இது. அங்க பட்டம் வாங்கினவனுக்குன்னு தனியா காத்து வராது.

அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேளு. ஜப்பான்ல வேற ஒரு கூட்டம் கமியோக்கான்னு ஒரு சுரங்கத்துல, அதுவும் துத்தநாகம் வெட்டின சுரங்கம்தான், பெரிய தண்ணித் தொட்டி கட்டி இதே நியூட்ரினோவைப் புடிக்க ஆரம்பிச்சான். 2002-ல ஒரு நோபல், 2015-ல இன்னொரு நோபல். நம்ம சுரங்கத்துக்கு 2001 பிப்ரவரி 28-ல கேட்டுல பூட்டு. அதுக்காக ஜப்பான்காரன் மேல எனக்கு வருத்தமில்லே. அவன் சுரங்கத்தை மூடறதுக்கு முன்னாடியே அதுல இன்னொரு வேலையைக் கண்டுபுடிச்சான். நம்ம பெரியவங்க மூடினப்புறம் ஷாஃப்ட்ல தண்ணி நிரம்பறதைப் பார்த்துகினு நின்னாங்க.

இத்த ஏன் சொல்றேன்னா, உன் எதுருல ஒசாகாக்காரன் ஒருத்தன் வந்து குந்தினா நீ கூனிக்கினு நிக்க வேணாம். உன் தாத்தனுங்க வெட்டின பள்ளத்துல எறங்கி கணக்கு எழுதிக்கினு போன ஊர்க்காரன் அவன். பழைய பழக்கம் கீதுன்னு சொல்லு.

ஆனா உன் பயம் ஒசாகாக்காரன் இல்லேன்னு எனக்குத் தெரியும். உன் பயம் உங்க ஆபீஸ்ல கீற அந்த ஜெயநகர்ப் பொண்ணு. குச்சி நழுவி சோத்து உருண்டை உன் சட்டையில உழுந்தா அவ சிரிச்சிடுவாளே. மேனேஜர் பார்த்துட்டு, இவன் எங்கேர்ந்து வர்றான்னு கேட்டுடுவாரே. கே.ஜி.எஃப்-னு சொன்னா சினிமா பேரைச் சொல்வாங்களே. அதானே? அதுக்கு மருந்து சொல்றேன்.

சுஷின்னு நீ மூச்சு முட்டிக்கினு சொல்றியே, அத்த இன்னிக்கு நாம பாக்கற உருவத்துல ஆக்கி வெச்சது ஹனாயா யோஹேன்னு ஒருத்தன்னு சொல்றாங்க. 1820-ங்கள்ல, எடோவுல. எடோன்னா இன்னிக்கு டோக்கியோ. அது இன்னா பெரிய மனுஷன் விருந்துன்னு நெனச்சியா? தெருவோர வண்டிக் கடை. மர வேலைக்காரன், மூட்டை தூக்குறவன், வேலைக்கு நடுவுல வந்து நின்னபடி ரெண்டு உருண்டையைக் கையால எடுத்து வாயில போட்டுக்கினு போன சாப்பாடு. அப்போ உருண்டை இப்போ தர்றதுல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு பெருசு. ஒழைக்கிறவன் வயித்துக்கு செஞ்சதாச்சே. கண்ணாடிக் கதவுக்குள்ள போனப்புறம்தான் அது எளைச்சிப் போச்சி.

அதனால அந்தச் சுஷியைக் கையாலயே எடுத்துத் துன்னலாம். ஜப்பான்லயே துன்றாங்க, ஒண்ணும் தப்பில்லே. உனக்கு ஆண்டவன் குடுத்த அஞ்சு விரல் ஜப்பான் சட்டப்படியே செல்லும்டா. நீ ஊதுவத்தி வெச்சிக்கினு தூக்கத்தைக் கெடுத்துக்கினு கீறே. மீனை மேல வெச்ச உருண்டைன்னா, அத்த அப்படியே சாய்ச்சி, மீன் பக்கத்தை ஒண்டி சோயா சாஸ்ல லேசா தொடு. சோத்துப் பக்கத்தை முக்காதே. சோறு ஊறி ஒடைஞ்சி கிண்ணத்துலயே உழுந்துடும், அப்புறம் அத்தப் பொறுக்கத்தான் குச்சி வேணும்.

இன்னொண்ணு கேளு, சிரிப்பு வரும். 1958-ல ஒசாகா பக்கத்துல ஷிராயிஷின்னு ஒரு கடைக்காரன். ஆளு வெச்சி பரிமாற கட்டுப்படி ஆவலே. பீர் ஃபேக்டரியில பாட்டில் பெல்ட்டு மேல ஓடி வர்றதைப் பார்த்தான். அட, சுஷித் தட்டையும் இதுல ஓட்டினா இன்னான்னு, கடைக்குள்ள பெல்ட்டு போட்டுட்டான். நீ குந்தின எடத்துல குந்திகினு கீறே, தட்டு உன் மூக்குக்கு முன்னாடி நகர்ந்து போவுது, வேணும்னா எடுத்துக்கோ. நம்ம மைன்ஸ்ல லெவல்ல தாதுக்கல்லு ஏத்தின டிராம் வண்டி வரிசையா வந்து நிக்குமே, அதே மாதிரி. நாங்க வண்டியைத் தள்ளினோம், அவன் வண்டியில இருந்து எடுத்துத் துன்றான், வித்தியாசம் அவ்ளோதான்.

சரி, வாசல்ல நுழையறப்போ இருந்து வருவோம். சில எடத்துல தனியா பாய் போட்ட ரூம் வெச்சிருப்பான், ஷூ கழட்டச் சொல்வான். வெள்ளிக்கிழமை காலையில ரயில் புடிக்கற அவசரத்துல கட்டைவிரல் தெரியற சாக்ஸைப் போட்டுக்கினு போயிடாதே. உன் படிப்பு, உன் இங்கிலீஷு, உன் சம்பளம் அல்லாமே அந்த ஓட்டை வழியா வெளிய வந்து நிக்கும். குந்தினதும் சூடா ஒரு ஈரத்துணி தருவான். அது கை தொடைக்க. மூஞ்சி, கழுத்து, அக்குள்னு நீ ஆரம்பிச்சிடாதே. ரயில்ல வந்த அழுக்கு ஊருக்கே தெரியணும்னு இல்லே.

குச்சியை சோத்துல நட்டு வெக்காதே. அவங்க ஊர்ல அது செத்தவங்களுக்கு வெக்கிற சோறு. குச்சியில இருந்து குச்சிக்கு எதையும் மாத்தாதே, எரிச்சப்புறம் எலும்பு பொறுக்கறப்போ அப்படித்தான் செய்வாங்க. இத்த ரெண்டையும் ஞாபகம் வெச்சிக்கோ, மத்ததுல தப்பு பண்ணா மன்னிச்சிடுவாங்க. நூடுல்ஸை உறிஞ்சறப்போ சத்தம் வந்தா வரட்டும். அங்க அதுக்குக் கொறை சொல்ல மாட்டாங்க. பெங்களூர்க்காரன்தான் மொறைப்பான்.

பச்சையா ஒரு உருண்டை ஓரத்துல வெச்சிருப்பான். கொத்தமல்லி சட்னின்னு அள்ளி வாயில போட்டுடாதே. அது வசாபி. நாக்குல உறைக்காது, நேரா மூக்கு வழியா மண்டைக்குப் போவும். ஆனா ஒரு ரகசியம் சொல்றேன். நெஜ வசாபிக் கெழங்கு வெலை அதிகம், துருவின கொஞ்ச நேரத்துல காரம் பறந்துடும். அதனால ஒலகம் பூரா முக்கால்வாசி எடத்துல வெக்கறது ஹார்ஸ் ராடிஷுன்னு ஒரு முள்ளங்கி சாதி, கடுகுத் தூளு, பச்சை சாயம். நீ கண்ணுல தண்ணி உட்டுக்கினு அழறது கடுகுக்குத்தான். வீட்டுல அழுதா செலவு கம்மி.

உங்க டீம்ல பெரிய மனுஷனா தெரியணுமா? வழி கீது. மெனுவைத் தெறக்காதே. மூடி ஓரமா தள்ளிட்டு, 'ஒமாகாசே'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. செஃப் பார்த்து எது நல்லதோ அத்தக் குடுக்கட்டும்னு அவன் கையில உட்டுடறது. அல்லாரும் அசந்து பார்ப்பாங்க. எது வர்றதுன்னு அவன் இஷ்டம், எத்தினி வர்றதுன்னு அவன் இஷ்டம், பில்லும் அவன் இஷ்டம். உன் இஷ்டத்துக்குன்னு மிச்சம் இருக்கறது அன்னிக்கு ராத்திரி தூக்கம் ஒண்டி, அதுவும் பில்லைப் பார்த்தப்புறம் போயிடும்.

சால்மன் மீனு ஆரஞ்சு கலர்ல பளபளன்னு வரும். 'இதுதாம்பா ஒரிஜினல் ஜப்பான் டேஸ்ட்டு'ன்னு சொல்றவன் ஒருத்தன் உங்க கூட்டத்துல கட்டாயம் கீறான். ஜப்பான்காரன் பூச்சிக்குப் பயந்து சால்மனை அந்தக் காலத்துல பச்சையா துன்னதே இல்லே. வளர்ப்பு மீனை விக்க முடியாம நார்வேக்காரன் 1980-ங்கள்ல ஜப்பானுக்குப் போயி, எங்க மீன்ல பூச்சி இல்லேன்னு தலைகீழா நின்னு பழக்கி வுட்டது அது. நீ இத்தச் சொல்லி அவன் மூஞ்சியை ஒடைக்காதே. 'நார்வே போயிருக்கீங்களா சார்?'னு மரியாதையா ஒண்டி கேளு. புரிஞ்சா புரியட்டும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இது வரைக்கும் சொன்னது ஊறுகா.

உங்க பாட்டி ஞாயித்துக்கிழமை கருவாடு வறுத்தா நீ இன்னா பண்றே? சொல்லு. எழுந்து போயி ஜன்னலைத் தெறக்கறே. ஃபேனைப் போடறே. ஊதுவத்தி கொளுத்தறே, அந்தக் குச்சிதான் இப்போ உனக்கு உதவுது. திங்கக்கிழமை டப்பாவுல கருவாட்டுக் கொழம்பு வெச்சா வேணாம் பாட்டி, தயிர் சாதம் குடுங்கறே. தயிர் சாதம் புடிச்சதாலயா? ஆபீஸ்ல மைக்ரோவேவ் ஓவன்ல ஒருத்தன் மீன் கொழம்பு சூடு பண்ணதுக்கு மெயில் போட்டாங்களாமே, அந்த பயம். பெங்களூர்ல ரூம் பார்க்கப் போனப்போ ஓனரம்மா மொதல்ல கேட்டது உன் சம்பளத்தை இல்லே, கவுச்சி உண்டான்னுதான். நீ இல்லேன்னு தலையை ஆட்டிட்டு வந்தியே. எனக்கு அல்லாம் தெரியும், ஜன்னல் தெறந்துதானே இருந்துது.

வெள்ளிக்கிழமை உனக்கு மொத மொத ஒரு சூப்பு குடுப்பான். மிசோ சூப்பு. மூடியைத் தெறந்ததும் ஒரு வாசனை வரும். அல்லாரும் கண்ணை மூடிக்கினு, 'ஆஹா, கடல் வாசனை'ம்பாங்க. அது இன்னா தெரியுமா? கருவாடு.

சிரிக்காதே, மெய்யாலுமே கருவாடு. கட்சுவோபுஷின்னு பேரு. சூரை மீனை வேக வெச்சி, முள்ளு எடுத்து, பொகையில நாள் கணக்கா வாட்டி, ஒசந்த ரகம்னா அது மேல பூஞ்சணம் படிய வெச்சி, வெயில்ல காய வெச்சி, மறுபடி பூஞ்சணம், மறுபடி வெயிலு. மாசக்கணக்கா ஆவும். கடைசியில அது மீனா இருக்காது, கட்டையா இருக்கும். ரெண்டைத் தட்டினா டிக்குனு சத்தம் வரும். அத்தச் சீவறதுக்கு வெச்சிருக்கறது இழைப்புளிடா. தச்சன் வெச்சிருப்பானே, அதே இழைப்புளியை ஒரு பொட்டி மேல தலைகீழா கவுத்து, அதுல கருவாட்டைத் தேய்ப்பான். ரோஸ் கலர்ல மெல்லிசா சுருளு சுருளா பொட்டிக்குள்ள உழும். அத்தக் கடல் பாசியோட வெந்நீர்ல போட்டு எறக்கினா தாஷி. ஜப்பான் சமையல்ல சூப்பு, கொழம்பு, நூடுல்ஸ், முட்டை, எதைத் தொட்டாலும் அடியில அந்தத் தண்ணிதான் ஓடுது. சூடான பலகாரம் மேல அந்தச் சுருளைத் தூவினா, ஆவி பட்டு அது நெளியும், ஆடும். உங்க டீமு மொபைலை எடுத்து வீடியோ புடிக்கும். உங்க பாட்டி கருவாட்டை யாராவது வீடியோ புடிச்சாங்களா?

அந்தச் சூரைக் கருவாடு நமக்கும் புதுசு இல்லே. மாலத்தீவுல இருந்து வர்ற மாசிக் கருவாடு கீதே, கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு அல்லாப் பக்கமும் சம்பல் இடிப்பாங்களே, அது இதே மீனு, இதே வேக வெச்சி பொகை போட்டுக் காய வெக்கிற வேலை. பூஞ்சணம் ஒண்டிதான் கெடையாது. நம்ம பக்கம் கட்டையை இடிக்கிறாங்க, ஜப்பான்ல சீவறாங்க. வெலைச் சீட்டுல எத்தினி சைபர்ங்கறதுலதான் ஒண்ணு மணக்குது, ஒண்ணு நாறுது.

உங்க டீம் லீடரு சுத்த சைவம்னு சொன்னியே. அவருக்கு ஒரு வார்த்தை மெதுவா சொல்லிடு, மிசோ சூப்பு வாணாம் சார்னு. சூப்புல மெதக்கறது சோயா கட்டி, வெங்காயத் தாள், பார்த்தா சைவமாத்தான் தெரியும். கேட்டா கடல்பாசி மட்டும் போட்டு தனியா செஞ்சித் தர்ற எடமும் உண்டு. நீ சொல்லாம வுட்டு அவர் ரெண்டு கிண்ணம் குடிச்சிட்டு நல்லா கீதுன்னு பாராட்டினா, நான் சிரிப்பேன். ஆனா அது தப்பு. ஒருத்தன் துன்னாததை அவனுக்குத் தெரியாம துன்ன வெக்கறது நம்ம பழக்கம் இல்லே. நாம துன்றதை மறைச்சி வெக்க வெச்சாங்களே, அவங்க பழக்கம் எதுவோ எனக்குத் தெரியாது.

கறி பேச்சும் வரும். வாக்யூன்னு மாட்டுக்கறி, வெள்ளைக் கோடு கோடா கொழுப்பு ஓடினது, ஒலகத்துலயே ஒசந்த வெலை. அத்தப் பத்தி பேசறப்போ அல்லாரும் கொஞ்சம் கொரலைத் தாழ்த்திப்பாங்க, மரியாதையில. அந்த ஜப்பான்ல 675-லயே தெம்முன்னு ஒரு ராஜா, வருஷத்துல பாதி மாசம் மாடு, குதிரை, நாயி, கொரங்கு, கோழி துன்னக்கூடாதுன்னு உத்தரவு போட்டான். அப்புறம் அது வளர்ந்து வளர்ந்து, ஆயிரம் வருஷத்துக்கு மேல நாலு கால் கறின்னாலே தீட்டு. அந்தத் தீட்டோட இன்னொண்ணும் வளர்ந்துது. செத்த மாட்டை எடுக்கறவன், தோல் பதம் பண்றவன், அவனை ஊருக்கு வெளிய ஒதுக்கி வெச்சாங்க. அங்கயும் சேரி, அங்கயும் தொடாதேன்னாங்க. 1871-ல சட்டம் போட்டு இனிமே எல்லாரும் ஒண்ணுன்னான். 1872-ல மெய்ஜி ராஜாவே ஊரறிய மாட்டுக்கறி துன்னு காட்டினான், வெள்ளைக்காரனுக்கு சமமா ஒடம்பு வளர்க்கணும்னு. ராஜா துன்னதும் தீட்டு ஒரே நாள்ல நாகரிகம் ஆயிடுச்சி. ஒதுக்கி வெக்கப்பட்டவங்க ஒதுங்கினபடியே இருந்தாங்க. 1922-ல கியோட்டோவுல அவங்களா கூடி 'சுய்ஹெய்ஷா'ன்னு சமத்துவ சங்கம் வெச்சப்புறம்தான் சத்தம் வெளிய கேட்டுது.

மாரிகுப்பத்துல அயோத்திதாசப் பண்டிதர் காலத்துலயே பௌத்த சங்கம் வந்துடுச்சிடா. அவரோட 'தமிழன்' பத்திரிகை அப்புறம் இதே சாம்பியன் ரீஃப்ல இருந்து அச்சாச்சி. புத்தர் பேரைச் சொல்லிக் கறியை நிறுத்தின ஜப்பானும், புத்தர் பேரைச் சொல்லி நிமிர்ந்து நின்ன நம்ம மைன்ஸ் லைன் வீட்டு ஜனமும் ஒரே தெய்வத்தைத்தான் கும்பிட்டுது. இத்த ஆபீஸ் டேபிள்ல பேசாதே. பேசினா பசங்க மொபைலைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. உனக்காகச் சொன்னேன்.

ஒண்ணும் தொண்டையில எறங்கலேன்னா பயப்படாதே. டெம்புரா கேளு. கத்திரிக்கா, கெழங்கு, எறா இதையெல்லாம் மாவுல தோய்ச்சி எண்ணெயில போடறது. நானூறு, ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி நாகசாகியில எறங்கின போர்த்துகீசியக்காரன் சொல்லிக் குடுத்த பஜ்ஜி. கறி ரைஸ்னு ஒண்ணு கீது, அது நம்ம கொழம்பு வெள்ளைக்காரன் கப்பல் ஏறி அங்க போனது. அதுலயும் நம்மாளு கை கீது. வைஸ்ராய் மேல குண்டு போட்ட கேசுல தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915-ல ஜப்பானுக்கு ஓடினாரு. நாகமுராயான்னு ரொட்டிக்கடை வெச்சிருந்தவங்க வீட்டுல ஒளிச்சி வெச்சாங்க, அவங்க பொண்ணையே கட்டிக்கினாரு. 1927-ல அந்தக் கடையில இந்தியக் கொழம்பு சோறு போட ஆரம்பிச்சாங்க. டோக்கியோவுல இன்னிக்கும் அது பேர் போன அயிட்டம். மாப்பிள்ளைங்களால ஒரு ஊருக்கு நல்லது நடந்த கதை எனக்குத் தெரிஞ்சி இது ஒண்ணுதான்.

ஜப்பான் ருசி பழக்கமில்லேன்னு மட்டும் சொல்லாதே. ராபர்ட்சன்பேட்டையில தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ் துன்னு வளர்ந்தவன் நீ. அதுல அவன் சிட்டிகை சிட்டிகையா போடற வெள்ளைத் தூளு கீதே, அஜினமோட்டோ, அத்தக் கண்டுபுடிச்சவரு டோக்கியோ புரொபசர் இகேதா, 1908-ல. தாஷித் தண்ணியில போடற அதே கடல்பாசியில இருந்து பிரிச்செடுத்தாரு. மறு வருஷம் கடைக்கு வந்துடுச்சி. பரீட்சைக்கு ராத்திரி கண்ணு முழிச்சி ரெண்டு நிமிஷத்துல கிண்டித் துன்னியே நூடுல்ஸு, அந்த உடனடி நூடுல்ஸ் 1958-ல ஆண்டோன்னு ஒருத்தரு ஒசாகா பக்கத்துல செஞ்சது. டாப் ராமன் அவர் கம்பெனி சரக்குதான். பெல்ட்டுல சுஷி ஓடின அதே வருஷம், அதே ஒசாகா. மியாகே வேலை பார்த்ததும் ஒசாகா. நமக்கும் அந்த ஊருக்கும் இன்னமோ கீதுடா.

சாகேன்னு அரிசி சாராயம் ஒண்ணு சின்னக் கிண்ணத்துல சூடா ஊத்துவான். பாயசத்துக்குக் கூடப் பத்தாத கிண்ணம்னு ஏமாந்துடாதே. அது ஒயினை விட ஒரு படி மேல. நம்ம மைன்ஸ் ஆளுங்க குடிச்ச குடிக்கு அது தீர்த்தம்தான், ஆனா உங்க அம்மாவுக்கு நீ மைன்ஸ் ஆளு இல்லே. அவ்ளோதான் சொல்வேன்.

பில்லு வரும். அடியில பாரு. சர்வீஸ் சார்ஜுன்னு பத்து பர்சன்ட் சேர்த்திருந்தா, கட்டாயமில்லே, எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் ஆணையம் சொன்னது, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் ஆமான்னுடுச்சி. யூனியன்ல இருந்தவன் பேரன், இது கூடத் தெரியாம இருக்காதே. ஜப்பான்ல டிப்ஸுன்னு பழக்கமே கெடையாது, வெச்சா மறந்துட்டீங்கன்னு பின்னாடியே ஓடி வந்து திருப்பித் தருவாங்களாம். இது ஜப்பான் இல்லே. உனக்குத் தட்டு வெச்ச புள்ளை மணிப்பூரோ, மிசோரமோ, நேபாளமோ, மூஞ்சியைப் பார்த்து ஜப்பான்காரன்னு கூட நீங்க நெனச்சிப்பீங்க. டிப்ஸை பில்லுல எழுதாதே, அவன் கையில குடு.

கடைசியா ஒண்ணு. போட்ட காசுக்கு மிச்சம் வெக்காம துன்னு. பேருக்குக் கொரிச்சிட்டு, புடிக்கலேன்னு டிஷ்யூ பேப்பருக்குள்ள ஒளிச்சி வெச்சி, வெளிய வந்ததும் பங்காருபேட்டை பானிபூரிக்கு ஏங்கிக்கினு நிக்காதே. கோல்டு ஃபீல்ட்ஸ்ல இருந்து தெனமும் விடியக்காலையில ரயில் ஏறி பெங்களூர் போறவங்க அத்தினி பேரும் உன்னை மாதிரி கம்ப்யூட்டர் தட்டப் போறவங்க இல்லே. அந்த ஓட்டல் பின்கட்டுல தட்டு கழுவறவன் ஆண்டர்சன்பேட்டைப் பையன். நீ இன்னா கேட்டே, எதை முழுங்கினே, எதைத் துப்பினே, அந்த ஜெயநகர்ப் பொண்ணு எத்தினி வாட்டி சிரிச்சா, அல்லாம் சனிக்கிழமை காபிக்கு முன்னாடி எனக்கு வந்துடும்.